இரண்டு நிமிடத்தில் திறந்த கணக்கு

காலை 9.40

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு என் திரையில் ஒரு சிவப்பு எச்சரிக்கை விழுந்தது. எனக்கு அது புதிதல்ல. ஒரு நிதி நிறுவனத்தின் கொம்ப்ளையன்ஸ் பிரிவில் பல வருடங்களாக இருக்கிறேன். கள்ளப் பணம் எங்கள் கணக்குகளுக்குள் புகுந்து வெளியேறாமல் பார்ப்பதுதான் வேலை. அன்று வந்ததும் வழக்கமான வகைதான். புதுக் கணக்கு, முன்பின் தொடர்பில்லாத ஆட்களிடமிருந்து வைப்புகள், வந்த கையோடு ஏ.ரி.எம்.மில் முழுவதும் எடுப்பு. தொழில், மாணவி. முகவரி, கொழும்பு வெள்ளவத்தை. முகவரியை இரண்டாம் தரம் வாசித்தேன். அது என் வீடு.

பெயர், என் மகள் அபிராமி.

கணக்கு எங்கள் செயலி வழியாகத் திறக்கப்பட்டிருந்தது. திறப்பவர் அடையாள அட்டையைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும். பிறகு கமராவைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டும், தலையைத் திருப்ப வேண்டும். எதிரே இருப்பது படமல்ல, உயிருள்ள ஆள் என்று இயந்திரம் அறிந்துகொள்ளும் முறை அது. அந்தக் காணொளி கோப்பில் இருக்கும். திறந்தேன். பின்னால் எங்கள் ஹோல் திரைச்சீலை. என் பிள்ளை செயலி சொன்னபடி கண் சிமிட்டினாள், சொன்னபடி திரும்பினாள். இடையில் ஒருதரம் பக்கத்தில் எதையோ பார்த்து, யாரோ சொல்வதைக் கேட்பதுபோலத் தலையாட்டினாள். கீழே பச்சை எழுத்தில் ‘பொருந்துகிறது’ என்று இருந்தது.

பொருந்தாமல் என்ன செய்யும்? முகமும் அவளுடையது, அட்டையும் அவளுடையது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. அதை நினைக்கத்தான் எனக்கு இன்றைக்கும் கொதிக்கிறது.

எடுத்துவிட்ட கேள்வி

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். செயலி தொடங்கியபோது கடைசியில் ஒரு மனித அழைப்பு இருந்தது. கணக்கு இயங்க முன் எங்கள் ஆள் ஒருவர் வீடியோ கோலில் வந்து கேட்பார்: எதற்குக் கணக்கு? யார் பணம் போடுவார்கள்? உங்களை யாராவது திறக்கச் சொன்னார்களா?

டிஜிட்டல் பிரிவுத் தலைவர் ரமணன் அதை எடுத்துவிட வேண்டும் என்று கூட்டத்தில் பிடிவாதமாக நின்றார்.

“அக்கா, சனம் அரைவாசியில விட்டிட்டுப் போகுது. மற்ற கொம்பனியில ரெண்டு நிமிசத்தில எக்கவுண்ட். முகம் மெட்ச், ஐ.டி. மெட்ச். வேற என்ன வேணும்? சாதகமும் பாக்கிறதோ?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“ஆள் ஆரெண்டு மெஷின் சொல்லும் ரமணன். ஆள் ஏன் வந்ததெண்டு சொல்லாது.”

“நீங்கள் இன்னும் கவுண்டருக்குப் பின்னாலயே இருக்கிறீங்கள் அக்கா. கொஞ்சம் எழும்பி வாங்கோ.”

அழைப்பு எடுக்கப்பட்டது. சட்டம் கணக்கின் நோக்கத்தையும் கேட்கிறதே என்றேன். அதற்காகச் செயலியில் மூன்று பெட்டிகள் போட்டார்கள்: சேமிப்பு, சம்பளம், படிப்பு. ஒன்றைத் தட்டினால் அடுத்த பக்கம் வரும். என் மகள் ‘படிப்பு’ என்பதைத் தட்டியிருந்தாள்.

பேசக்கூடாத வீடு

உடனே எழுந்து போய் எங்கள் பிரிவுத் தலைவர் நிஹால் சேரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

“மெடம், இந்த ஃபைல் இனி எண்ட கையில. ரிப்போர்ட் போகும். நீங்க வீட்டில ஒரு வார்த்தை கதைக்க ஏலாது. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.”

தேவையில்லைதான். மத்திய வங்கிக்குச் சந்தேக அறிக்கை போனதை அந்த ஆளுக்குத் தெரியப்படுத்துவது குற்றம். அதைப் பயிற்சி வகுப்பில் படிப்பிப்பவளே நான்.

மாலையில் வீட்டுக்குப் போனேன். அபி பாணைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துக்கொண்டிருந்தாள். ஏ.எல். பரீட்சையில் நல்ல பெறுபேறு. மருத்துவ பீட அனுமதியை எதிர்பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

“ஏனம்மா மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்கிறீங்கள்? இண்டைக்குக் கள்ளன் ஒருத்தனும் ஆம்பிடேல்லையோ?”

“தலையிடி.”

“குளிசை போட்டனீங்களே? ரீ போடட்டே?”

அவள் போட்டுத் தந்த தேநீரைக் குடித்தேன். கட்டாரில் இருக்கும் கணவர் வழக்கம்போல அழைத்தார். அவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்து ‘என்னடி செய்தாய்?’ என்று கேட்க முடியாமல் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவது என்ன வேலை? அப்படிப் பல இரவுகள் போயின. அந்தக் கணக்கைத் திறக்கவிட்டவர்களுக்கு மட்டும் எந்த வாய்ப்பூட்டும் இல்லை. காரியாலயத்தில் அந்த வாரமும் புதுக் கணக்குகளின் எண்ணிக்கைக்குக் கேக் வெட்டினார்கள்.

கொட்டாஞ்சேனை அண்ணா

பிறகு பொலிஸிலிருந்து அழைப்பு வந்தது. பணத்தை இழந்த ஒருவர் முறையிட்டிருந்தார். அபி பெற்றோருடன் வர வேண்டும். ஒளிக்க இனி ஒன்றுமில்லை, கேட்டேன்.

“ரியூசன் வட்ஸ்அப் குறூப்பில இருக்கிற கொட்டாஞ்சேனை அண்ணா, அம்மா. நேரில கண்டதில்லை. அவரிட சித்தப்பா லண்டனில இருந்து ஹொஸ்டல் பிள்ளையளுக்குக் காசு அனுப்பிறவராம். தன்ர எக்கவுண்டில லிமிட் முடிஞ்சுது, ஒண்டு திறந்து தா எண்டவர். மற்ற போனில நிண்டு எல்லாம் சொல்லித் தந்தவர்.”

“பாஸ்வேர்ட்? ஏ.ரி.எம். கார்ட்?”

“குடுத்தனான். புது சிம் ஒண்டும் எடுத்துக் குடுத்தனான். ஐ.டி.யைப் பிடிச்சுக்கொண்டு ஒரு படமும் கேட்டவர், அனுப்பினனான்.”

“நேரில கண்டறியாத ஒருத்தனுக்கோ? உனக்கு மூளை இருக்கோடி?”

“ஏன் கத்துறீங்கள்? எங்கட பில்டிங்கில ஆர் செய்யேல்லை? அப்பா கட்டாருக்குப் போக முன்னம் மாமா அனுப்பின காசு அப்பாட எக்கவுண்டுக்கு வந்து, அப்பா கொண்டுபோய்ப் பெரியம்மாட்டைக் குடுக்கேல்லையே? அப்ப அதென்ன?”

வெள்ளவத்தையில் எங்கள் சனத்துக்கு வங்கிக் கணக்கு தனி ஒருவரின் சொத்தாக இருந்ததில்லை. வெளிநாட்டில் இருப்பவர் யாருடைய கணக்குக்காவது போடுவார், கணக்குக்காரர் எடுத்து உரியவரிடம் சேர்ப்பார். கேட்டு மறுத்தால் உறவே அறுந்துபோகும். சண்டைக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் அடுப்பு எரிந்தது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது உதவி, அவ்வளவுதான். அந்தக் கள்ளனும் எங்களுக்குள் வளர்ந்தவன்தான். ‘சித்தப்பா’ என்று சொன்னால் எந்தக் கதவு திறக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் செயலிக்குத் தெரியவில்லை. ‘யார் திறக்கச் சொன்னது?’ என்று ஒரு மனிதர் கேட்டிருந்தால், பொய் சொல்லத் தெரியாத என் பிள்ளை அண்ணாவின் பெயரைச் சொல்லியிருப்பாள். அங்கேயே கணக்கு நின்றிருக்கும்.

பொலிஸ் வாங்கில்

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. அவர் சிங்களத்தில் சொன்னதை நான் அபிக்குத் தமிழில் சொன்னேன். வெளிநாட்டு வேலை என்று ஏமாற்றி அந்தக் கணக்கில் பணம் போட வைத்திருக்கிறார்கள். தொலைபேசியில் பேசியது ஓர் இளம் பெண். அந்தக் குரல் அபியினது என்றால் அவள் எதிரி, குற்றம் சாட்டப்பட்டவள். இல்லையென்றால், இப்போதைக்குச் சாட்சி. முறைப்பாட்டுக்காரர் வந்து கேட்டுச் சொல்லட்டும்.

எதிரி என்றால் பிணை, வழக்கு. மருத்துவ பீடத்தை மறந்துவிட வேண்டியதுதான். அபி வாங்கில் என் பக்கத்தில் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ரமணன் அழைத்தார்.

“அக்கா, பயப்பிடாதீங்கோ. எங்கட சைட்டில எல்லாம் கிளியர். வெரிஃபிகேஷன் ரெக்கோர்ட் பேர்ஃபெக்டா இருக்கு.”

“உமக்குக் கிளியர்தான் ரமணன். போனை வையும்.”

என் வாழ்நாளில் ஒரு மேலதிகாரியை மரியாதை குறைத்து ‘உமக்கு’ என்றது அன்றைக்குத்தான்.

இப்போது புதியவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது முதலில் இதைத்தான் சொல்கிறேன். முகம் பொருந்தியது என்று பச்சை விளக்கு எரிந்தால், ஆள் யாரென்று மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். அவர் பின்னால் நிற்பவரைப் பற்றி நீங்கள்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். ‘வாடிக்கையாளர் விட்டுவிட்டுப் போய்விடுவார்’ என்று யாராவது சொன்னால், போகட்டும் என்று சொல்லுங்கள்.

அன்று மத்தியானத்துக்குப் பிறகு முறைப்பாடு கொடுத்த அம்மா வந்தார். ஜிந்துப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வந்தவர், ஐம்பது வயதிருக்கும், மூச்சு வாங்கியது. இன்ஸ்பெக்டர் அபியைப் பேசச் சொன்னார். அவள் தன் பெயரையும் பாடசாலையையும் சொன்னாள். அந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டார்.

“இல்லீங்க ஐயா. என்கிட்ட பேசுனது இந்தப் புள்ள இல்ல. அது வேற பொம்பள, தாட்பூட்டுன்னு பேசும்.”

அபி அழத் தொடங்கினாள். நான் நன்றி சொல்ல எழுந்தேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்துத் திரையை என் மகளின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அபி நிற்கும் படம்.

“ஆனா எனக்கு அனுப்புனது இந்த மூஞ்சியத்தாங்க. ஏஜென்சில வேலை செய்யிற புள்ளைன்னாங்க. நல்ல வீட்டுப் புள்ளையா இருக்கேன்னு, இதப் பாத்துத்தான் நான் காச போட்டேன்.”