நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்களும் ஷர்புன்னிசாவும்

யாரையும் எடுத்த எடுப்பில் நம்புகிற வழக்கம் எனக்குக் கிடையாது. முப்பத்தோரு வருஷம் கல்லூரி அலுவலகத்தில் குப்பை கொட்டியவனுக்கு அந்த வழக்கம் இருக்கவும் கூடாது. போலி டிசியோடு வந்தவர்களைப் பிடித்திருக்கிறேன். அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வந்த பையனை அவன் முழியைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறேன். "சூப்ரண்ட் ஆதிமூலம் கண்ணுல மண்ணத் தூவ முடியாது" என்று கள்ளக்குறிச்சியில் நாலு பேர் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் இனிக்கும். அப்பேர்ப்பட்ட நான் ஷர்புன்னிசா விஷயத்தில் என்ன லட்சணத்தில் நடந்துகொண்டேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஷர்புன்னிசா எங்கள் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அவள் அத்தா சுஐப் பாய்க்குக் கடைவீதியில் பாத்திரக்கடை. பி.எஸ்சி. முடித்த கையோடு வந்து சேர்ந்தாள். நடுவில் கல்யாணமாகிச் சின்னசேலத்துக்குக் குடிபோனாள், இரண்டு பிள்ளைகள் பெற்றாள், தினமும் பஸ்ஸில் வந்து போனாள். பதினோரு வருஷமாகியும் தற்காலிகம்தான். மாணவர் பதிவேட்டுக்கு ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டிருந்தார்கள். அது திடீர் திடீரென்று படுத்துக்கொள்ளும். அதைத் தட்டி எழுப்ப அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பிரிண்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டால், "இன்னா இப்ப உனக்கு? தின்னது பத்தலயா?" என்று அதோடு சண்டை போடுவாள். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் பேரைக் கேட்டு எழுதிக்கொள்ள மாட்டாள். அவர்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லி, அதைப் பார்த்துத்தான் ஏற்றுவாள். அவ்வளவு சுத்தம்.

2021 ஜனவரியில் அவளை நிரந்தரமாக்கும் கோப்பு நிர்வாகக் குழுவுக்குப் போயிருந்தது. மாதக் கடைசித் திங்கட்கிழமை கூட்டம். அதில் தப்பினால் வயது வரம்பு தாண்டிவிடும். பிறகு ஜென்மத்துக்கும் தற்காலிகம்தான்.

எம்பிசிக்குள் ஒரு சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த மாதம் அது. ஒரு நாள் மனு கொடுப்பார்கள், மறுநாள் மறியல். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்ன ஆள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பேச்சே தொடங்கும். அலுவலகத்துக்குள்ளும் அதே கதைதான். தாழ்ந்த குரலில் யார் பேசினாலும் நம்மைப் பற்றித்தான் என்று தோன்றும்.

அந்த நேரம் பார்த்துக் கல்லூரி முதல்வர் ஒரு வேலை சொன்னார். கொரோனா காலத்தில் அவசரமாகச் சேர்த்த முதலாமாண்டுப் பிள்ளைகள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் தபாலில் கடிதம் போக வேண்டும். 'எங்கள் பதிவேட்டில் உங்கள் சாதி வகுப்பு இன்னது, சாதிச் சான்றிதழ் எண் இன்னது. தவறு இருந்தால் பத்து நாளுக்குள் அசலோடு நேரில் வரவும், இல்லையேல் இதுவே இறுதி.' கடித வாசகம் ஒன்றுதான். பேரும் ஊரும் வகுப்பும் பட்டியலிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் தானாகப் போய் உட்காரும். மெயில் மெர்ஜ் என்பார்கள்.

பட்டியல் எடுத்ததும் முதலில் என்னிடம் வர வேண்டும் என்பது என் சட்டம். முகவரிக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு பத்தி காலியாக விட வேண்டும். அதில் நான் சிவப்பு மையால் டிக் அடிப்பேன். கைப் பதிவேட்டுக் காலத்துப் பழக்கம். அந்தப் பத்திக்கு ஷர்புன்னிசா 'சரிபார்த்தது' என்று தலைப்புப் போட்டிருந்தாள்.

"அது எதுக்கும்மா? டிக் அடிச்சா தெரியாதா? எடுத்துடு" என்றேன்.

"தலைப்பு இருக்கட்டும் சார், அதான் நல்லது" என்றாள்.

"சொன்னத செய்."

எடுத்துவிட்டாள். சேர்க்கை எண் வரிசையில் இருந்த பட்டியலில் இரண்டு நாள் உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டு டிக் அடித்தேன். பிறகு, தபால்காரருக்குச் சௌகரியமாக ஊர்வாரியாக அடுக்கச் சொன்னேன். அடுக்கினாள், கடிதங்களை அச்சிட்டாள், அன்றே தபாலில் சேர்த்தோம்.

ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையிலிருந்து ஒருவர் கடிதத்தை என் மேஜையில் அறைந்தார்.

"எம்புள்ள எப்படி சார் எஸ்டி ஆனான்? எங்க எடத்த எவனுக்குத் தூக்கிக் குடுக்கிறீங்க?"

மதியத்துக்குள் இருபது பேர். மறுநாள் கல்வராயன் மலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்கினார்கள். வெள்ளிமலைப் பக்கத்து வெள்ளச்சி, மகள் மணிமொழியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். மலைப் பிள்ளைகள் முப்பத்தோரு பேர். ஏறக்குறைய அத்தனை பேரின் கடிதத்திலும் எம்பிசி என்றோ பிசி என்றோ இருந்தது.

"எங்க சர்டிபிகேட்டு செல்லாதா சாமி? புள்ள படிப்பு போயிடுமா?" என்று கேட்டாள் வெள்ளச்சி.

மென்பொருளைத் திறந்து பார்த்தேன். மணிமொழி, எஸ்டி. சரியாகவே இருந்தது. நான் டிக் அடித்த தாளிலும் எஸ்டிதான். கடிதத்தில் மட்டும் எம்பிசி. அப்படியானால் நடுவில் ஏதோ ஒரு கை விளையாடியிருக்கிறது. நடுவில் இருந்த கை ஒன்றே ஒன்றுதான்.

இளநிலை உதவியாளர் தனசேகரன் காதருகே வந்தான். "சார், அந்தப் பொண்ணு நேத்து பூரா மலைக்கு ஃபோன் பேசிக்கினு இருந்துச்சு. 'நீங்க வராதீங்க, நான் பாத்துக்கறேன்'னு சொல்லிச்சு. என் காதால கேட்டேன்."

போதாதா? எவனோ புரோக்கர் கூட்டு, மலைப் பிள்ளைகள் இடத்தில் வேறு யாரையோ நுழைக்கிற வேலை என்று என் மண்டைக்குள் முழுக் கதையும் ஓடிவிட்டது. அவளுடைய பதினோரு வருஷம் அந்த நிமிஷத்தில் என் நினைவுக்கே வரவில்லை. 'உள்நோக்கம் இருப்பதாகச் சந்தேகிக்க இடமுண்டு' என்று முதல்வருக்கு நோட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வாக்கியம் நன்றாக அமைந்ததாகப் பெருமை வேறு.

விசாரணை முடியும் வரை அவள் வர வேண்டாம் என்று உத்தரவு வந்தது.

"சார், ஒரே ஒரு நிமிஷம். அந்த லிஸ்ட்ட நான் காட்றேன்" என்று எழுந்தாள்.

"கம்ப்யூட்டர் பக்கம் கையக் கொண்டு போகாத. பைய எடு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அழுதிருந்தால்கூட நடிக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை தனசேகரன் அதே பட்டியலை வைத்து மாதிரிக்குப் பத்துக் கடிதம் அச்சிட்டான். பத்தில் ஆறில் வகுப்பே தப்பு. "அது ஏதோ சூனியம் வெச்சுட்டுப் போயிருக்குது சார்" என்றான். அன்றைக்கு வெள்ளச்சி அசல் சான்றிதழோடு மறுபடியும் வந்தாள். யார் ஃபோன் செய்தது என்று அவளிடம் நைசாகக் கேட்டேன்.

"பாய் வூட்டுப் பொண்ணுங்க சாமி. ரேஷன் கடைக்காரரு ஃபோனுக்குப் போட்டு, 'லெட்டரு தப்பா வந்துக்கீது, கூலிய வுட்டுட்டு வராதீங்க, நான் பாத்துக்கறேன்'னு சொல்லிச்சு. எங்காளுங்கதான் நம்பல."

என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சனிக்கிழமை விடுமுறை. தனியாகப் போய், நான் டிக் அடித்த பட்டியலையும் ஊர்வாரிப் பட்டியலையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஸ்கேலை வைத்து வரிவரியாக இறங்கினேன். பேரும் ஊரும் புது வரிசைக்குப் போயிருந்தன. வகுப்பும் சான்றிதழ் எண்ணும் பழைய வரிசையிலேயே, ஒரு வரி பிசகாமல், அசையாமல் நின்றன. இடது பாதி நகர்ந்திருக்கிறது, வலது பாதி நகரவில்லை. இரண்டுக்கும் நடுவே என் காலிப் பத்தி.

யாரும் எதையும் திருத்தவில்லை. அட பாவி மனுஷா!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாள்களைக் கிழித்துப்போடலாமா என்று யோசித்தேன். ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்தது. எனக்கு மட்டும்தானே தெரியும் என்று மனசு சொன்னது. கால்மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சின்னசேலம் பஸ் ஏறினேன்.

ஷர்புன்னிசா கதவைத் திறந்தாள். வாங்க என்று சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். தாள்களை நீட்டினேன். வாங்கிப் பார்க்கவேயில்லை.

"நடுவுல முழுக்கக் காலியா ஒரு பத்தி இருந்தா, லிஸ்ட்டு அதோட முடிஞ்சுபோச்சுன்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்கும் சார். அதுக்குத்தான் தலைப்பு போட்டு வெப்பேன். அடுக்குன பின்னாடி நானும் ஒரு தடவ பாத்திருக்கணும். நீங்க அவசரப்படுத்துனீங்க, உட்டுட்டேன். அது என் தப்பு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மணலூர்பேட்டக்காரரு லெட்டர நீட்டுன அன்னிக்கே."

"அப்பவே எங்கிட்ட அடிச்சு சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா சார்?"

நம்பியிருக்க மாட்டேன். என் பத்தியின் மேல் பழிபோட்டுத் தப்பிக்கப் பார்க்கிறாள் என்று அதையும் நோட்டில் சேர்த்து எழுதியிருப்பேன். இரண்டு பேருக்குமே அது தெரியும்.

"நாளன்னிக்கு கூட்டம். நீங்க எழுதுன நோட்டு அங்கதான் இருக்குது. எங்கிட்ட வந்து சொல்லி இன்னா பிரயோஜனம்?" என்றாள்.

திங்கட்கிழமை யாரும் கூப்பிடாமலே கூட்ட அறைக்குள் போனேன். இரண்டு பட்டியலையும் விரித்து, ஸ்கேலை வைத்துக் காட்டி, "பத்தி என்னுடையது, நோட்டு என்னுடையது, சந்தேகமும் என்னுடையது" என்றேன். முதல்வர் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது எங்கள் அலுவலகம் எண்ணெய் ஊற்றியிருக்கிறது என்று ஒரு உறுப்பினர் கத்தினார். எனக்கு மெமோ வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்களும் திருத்தி, மன்னிப்பு வரியோடு மறுபடி போயின. அவள் கோப்பு நிறைவேறியது.

மறுநாள் வேலைக்கு வந்தாள். பழைய விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோரு மணிக்கு நான் ஒரு பட்டியல் கேட்டேன். எழுந்து வந்து, ஒரு வெள்ளைத் துண்டுத் தாளை என் முன்னால் வைத்தாள்.

"எழுதிக் குடுத்துடுங்க சார்."

எழுதிக் கொடுத்தேன். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அதை ஒரு ஃபைலில் கோத்துக்கொண்டாள். அன்றைக்குக் கோபத்தில் கேட்கிறாள், ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. மூன்று வருஷம், நான் சொன்ன எந்த வேலையையும் வாய்ச்சொல்லுக்கு அவள் செய்ததில்லை. மற்றவர்கள் வாயால் சொன்னால் செய்வாள். பிரிண்டரோடு சண்டை போடுவாள், பிள்ளைகளோடு சிரிப்பாள். என்னிடம் மட்டும் அந்தத் துண்டுத் தாள். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

ஓய்வு பெற்ற அன்று, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அவள் மேஜைக்குப் போனேன்.

"என்ன மன்னிச்சிடும்மா" என்றேன். மூன்று வருஷமாகச் சொல்லாமல் விட்ட சொல்.

நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினாள்.