ஒல்லி தொங்க வேண்டிய கயிறு

தீயணைப்பு நிலையத்தில் அவளுக்குக் கிடுக்கி என்று பேர். எதையாவது பிடித்தால் விடமாட்டாள் என்று பதினாறு வருடங்களுக்கு முன்பு யாரோ வைத்த பேர். சம்பளப் பட்டியலில் இருக்கும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். அப்பேர்ப்பட்ட கிடுக்கியின் வலது மோதிர விரலை ஒரு ஜன்னல் கண்ணாடி பதம் பார்த்துவிட்டது. புகை மண்டிய வீட்டிலிருந்து ஒருவரை வெளியே இழுக்கும்போது விரலை மடக்கும் தசைநாண் அறுந்து உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டது. மருத்துவர் அதைத் தேடிப் பிடித்து இழுத்துத் தைத்தார். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது, அது யாரோ இரவல் கொடுத்த விரல் மாதிரி இருந்தது.

ஐந்தாவது மாத முடிவில் தேர்வு. ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப் போட்டாயிற்று. தேறினால் பழையபடி ஏணி வண்டி, தேறாவிட்டால் நிரந்தரமாக டெலிபோன் அறை. அந்த அறை ஒன்றும் மோசமில்லை. மின்விசிறி உண்டு, நேரத்துக்கு டீ உண்டு. ஆனால் அதன் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

தேர்வு பெரிய வித்தையில்லை. பயிற்சிக் கோபுரத்தின் இரண்டாவது மாடியிலிருந்து ஓர் ஆளைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும், நடுவழியில் நிறுத்தி ஒரு நிமிடம் பிடித்திருக்க வேண்டும். மற்ற நிலையங்களில் மணல் மூட்டையைக் கட்டுவார்களாம். இங்கே அடிபட்டுத் திரும்பும் ஆள் யாரோடு ஜோடியாக வேலை செய்யப்போகிறாரோ, அவரையே தொங்கவிடுவது வழக்கம். புதியவர்களுக்குப் பாதுகாப்பாக இரண்டாவது கயிறு ஒன்றும் கட்டுவார்கள். பழைய ஆளுக்கு அதைக் கட்டினால் கௌரவக் குறைச்சல். கௌரவம் என்று வந்துவிட்டால் இவர்களுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது.

அவளுடைய ஜோடி ஒல்லி. அவன் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ.

"எடை தூக்குங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா விரல் எவ்வளவு பிடிக்குதோ அவ்வளவுதான்," என்று பிசியோதெரபி அம்மாள் படித்துப் படித்துச் சொன்னாள். "ஸ்ட்ராப் மட்டும் கட்டவே கூடாது." ஸ்ட்ராப் என்பது மணிக்கட்டில் மாட்டி இரும்புக் கம்பியில் சுற்றிக்கொள்ளும் நாடா. விரல்கள் சோர்ந்தாலும் கம்பி கீழே விழாது.

ஜிம்மில் வெறும் கம்பியில் ஆரம்பித்தாள். இருபது கிலோ. மூன்று வாரத்தில் முப்பது. அதற்கு மேல் ஓர் இம்மிகூட நகரவில்லை. முப்பதைத் தூக்கினாலே மோதிர விரல் தானாகத் திறந்துகொண்டது. தேர்வோ நெருங்கிக்கொண்டிருந்தது. தையல்காரரான கணவரிடம் போய் நின்றாள்.

"ஸ்ட்ராப் ஒண்ணு தைச்சுக் குடுங்க."

"அந்தம்மா கட்டலாம்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

பச்சைப் பொய். அவர் கெட்டியான பை நாடாவில் மூன்று வரி தையல் போட்டுக் கொடுத்தார். அவர் தைத்து எதுவும் பிரிந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்புறம் என்ன, ஐம்பது, எழுபது, தொண்ணூறு! முதுகும் காலும் தோளும் பழைய பலத்தோடுதான் இருந்தன. மோதிர விரல் மட்டும் மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் தொண்ணூறு, தொண்ணூறு என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில், குழாயடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை வலது கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். எட்டாவது அடியில் வாளி தொப்பென்று விழுந்து கூடமெல்லாம் தண்ணீர்.

கணவர் தையல் மெஷினை விட்டு ஓடிவந்தார். "வழுக்கிடுச்சா?"

"வழுக்கல. கை விட்டுடுச்சு."

"தொண்ணூறு கிலோ தூக்கினேன்னு சொன்னியே?"

"நான் எங்க தூக்கினேன்? நீங்க தைச்ச நாடா தூக்குச்சு."

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "நாளைக்குப் போய்ச் சொல்லிடு."

"சொன்னா டெலிபோன் ரூம்தான்."

"சொல்லலேன்னா?"

அவள் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள்.

மறுநாள் கோபுரத்தில் ஏறும்போது மனசுக்குள் கணக்குப் போட்டபடி போனாள். இடது கை நன்றாகத்தானே இருக்கிறது? கயிறு இரும்பு வளையத்தில் சுற்றி வருவதால் பாதிப் பாரம் அங்கேயே போய்விடும். அறுபது எண்ணுவதற்குள் குடியா முழுகிவிடப்போகிறது? கீழே நிலைய அதிகாரி கடிகாரத்தோடு நின்றார். பக்கத்தில் சகாக்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஒல்லி கைப்பிடிச் சுவருக்கு வெளியே ஒரு காலைப் போட்டான்.

"முடிச்சைப் பாருடா," என்றாள்.

"நீ போட்டதுதானேக்கா? அதை எதுக்குப் பாத்துக்கிட்டு?"

இன்னொரு காலையும் எடுத்துப் போட்டுப் பின்பக்கமாகச் சாய்ந்தான். கயிறு விறைத்தது. பாரம் கைக்கு வந்தது. கையுறைக்குள் மோதிர விரல் மெல்லத் திறந்துகொள்வது அவளுக்குத் தெரிந்தது. 

"ஏறுடா! உள்ள வா!" இடது கையால் அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் சுவரைத் தாவிப் பிடித்து உள்ளே விழுந்து, ஒன்றும் புரியாமல் விழித்தான்.

"என்னம்மா ஆச்சு?" அதிகாரி கீழேயிருந்து கத்தினார்.

"மூட்டையைக் கட்டுங்க சார்."

கீழே ஒருவன் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான். அறுபது கிலோ மணல் மூட்டை மேலே வந்தது. இறக்கினாள், நடுவழியில் நிறுத்தினாள். அதிகாரி சத்தமாக எண்ணினார். இருபது. முப்பது. மூச்சு வாங்கியது. நாற்பத்தொன்றில் மோதிர விரல் விட்டது, அதைப் பார்த்துச் சுண்டு விரலும் விட்டது. கயிறு கையுறையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. மூட்டை தரையில் மோதி வெடித்தது.

அவள் மேலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். வாளி, நாடா, பொய், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

அதிகாரி படியேறி வந்து தேர்வுத் தாளைச் சுவரில் வைத்தார். பேனாவைத் திறந்து மறுபடியும் மூடினார். "இங்க ஆள் தொங்கினாத்தான் தேர்வு. மூட்டைக்கெல்லாம் நான் கையெழுத்துப் போடுறதில்ல," என்றார் கடைசியில். "ஆறு வாரம் போன் எடு, அப்புறம் மறுபடியும் தேர்வு. அப்பவும் கை விட்டுச்சுன்னா அங்கேயே இரு. அதோட, இனிமே இங்க பழைய ஆளு, புது ஆளுங்கிற பேச்சே கிடையாது. எல்லாருக்கும் ரெண்டாவது கயிறு."

அவள் இறங்கி வந்தபோது ஒல்லி வெடித்த மூட்டைக்குப் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்திருந்தான்.  அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது அறுபதுதான்," என்றான். பிறகு, "அந்த நாடா எங்கக்கா?" என்று கையை நீட்டினான்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தான். இரண்டு தடவை தவறிக் கீழே விழுந்தது. மூன்றாவது தடவைதான் உள்ளே போயிற்று.

"ஜிம்முக்கு எத்தனை மணிக்குப் போவ?"

"ஆறு."

"நானும் வர்றேன். எத்தனை கிலோ தூக்குற இப்போ?"

"முப்பது," என்றாள்.