சத்து கூடியவர்

பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி தூக்குகிறவர் அவர். கிளினிக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. பேசும்போதெல்லாம் கையை மடக்கிப் புஜத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டார்.

“ரத்த டெஸ்ட்ல பி12 சத்து எனக்கு ரொம்ப ஜாஸ்தின்னு வந்திருக்குங்க. மண்டியில அவனவன் சிவப்பு ஊசி போட்டு ஏத்திக்கிறான். எனக்குத் தானா ஏறியிருக்கு பாருங்க,” என்றார்.

அடுத்த நோயாளியையும் உள்ளேயே ஸ்டூலில் உட்கார வைக்கும் கிளினிக் அது; அவர் முறை வந்தபோது நானும் உள்ளே இருந்தேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “சத்து ஊசி, மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா?” என்று அவரிடம் கேட்டார்.

“தொட்டதே இல்லீங்க.”

“போட்டிருந்தா சொல்லுங்க, திட்ட மாட்டேன். ஊசியால ஏறியிருந்தா பயமில்ல. தானா ஏறியிருந்தா ஈரலையும் ரத்தத்தையும் பாக்கணும். பெரிய வியாதிக்கும் இப்படி ஏறும்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். புஜத்தைப் பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது.

“இல்லீங்க,” என்றார்.

டாக்டர் திட்டுவார் என்று பயந்து, ஊசி போட்டதை மறைக்கிறவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். அவர் சொன்ன ‘இல்லீங்க’வும் அப்படியொரு பொய்யாக இருந்திருக்கட்டும் என்று, மண்டியைக் கடக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.