உட்காரத் தெரியாதவரின் மீன்

அவருக்குப் ‘பம்பரம்’ என்று பெயர் வைத்தவர் யார் என்பது தெருவில் எவருக்கும் நினைவில்லை. ஆயினும் அந்தப் பெயர் பொருந்தவில்லை என்று சொன்னவரும் எவருமில்லை. முடிதிருத்தும் தொழிலுக்கு வருவதற்கு முன் அவர் ஓர் அச்சகத்தில் பிழை பார்த்தார். பிறகு ஒரு வழக்கறிஞரிடம் தட்டச்சராக இருந்தார். இரண்டு இடங்களிலிருந்தும் அவரைத் துரத்தியது நாற்காலிதான். உட்கார்ந்த சிறிது நேரத்தில் முழங்கால் ஆடத் தொடங்கும். அடுத்து மேசை ஆடும். அதற்கடுத்து எதிரே இருப்பவரின் பொறுமை ஆடும். “நின்னுக்கிட்டே செய்யுற வேலையா பாருய்யா. உனக்கும் நல்லது, என் மேசைக்கும் நல்லது” என்று வழக்கறிஞர் கும்பிடு போட்டு அனுப்பிய பிறகே அவர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். அந்த வேலை அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அமைந்துவிட்டது.

சலூன் சிறியது. எதிரெதிர்ச் சுவர்களில் ஆளுயரக் கண்ணாடிகள், நடுவில் சுழல்நாற்காலிகள், பின்புறம் படிக்கட்டு இல்லாமலே நுழையக்கூடிய ஓர் அறை. திருமணம் செய்துகொள்ளாத பம்பரம் அந்தக் கட்டடத்தின் மாடியில் குடியிருந்தார். பின்னறையில் பழைய நாற்காலியும் காலிப் பெட்டிகளும் கிடந்தன. அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோதுதான் அந்த அறையின்மேல் அவருடைய கண் விழுந்தது.

அக்கா தொலைபேசி நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தம்பியைத் தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்தவர். மூன்றாவது மாடியில் தனியே வசித்த அவர் படியில் தவறி விழுந்தார். அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் இனிப் படியேறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனவே அக்காவுக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன: தொலைவிலுள்ள மகன் வீட்டுக்குப் போவது, அல்லது சலூனின் பின்னறைக்கு வருவது. இரண்டாவதுதான் நடக்க வேண்டும் என்பதில் பம்பரத்துக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அக்கா மட்டும் பிடி கொடுக்கவில்லை.

“முதல்ல மாப்பிள்ளையைக் கொண்டுபோய் வச்சுப் பாரு. அவன் நல்லா இருந்தா, அப்புறம் என்னைப் பத்திப் பேசலாம்” என்றார் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி.

மாப்பிள்ளை என்பது அவர் வளர்த்த ஃபைட்டர் மீன். கருநீல உடல், சிவப்புப் பட்டாக விரியும் வால். வேளை தவறாமல் சாப்பாடு, உடுத்திக்கொள்ளப் பட்டு, செய்வதற்கு வேலையெதுவும் இல்லை; ஆகவே அந்தப் பெயர்.

“மீனை வச்சு எனக்குப் பரீட்சையா அக்கா?”

“அது வாய் திறந்து ஒண்ணும் கேட்காது. அதையே பார்த்துக்கத் தெரியலைன்னா, வாயுள்ள என்னை எப்படிடா பார்த்துப்ப?”

“நீ வந்து பாரு, அடையாளமே தெரியாத அளவுக்கு வளர்த்து வைக்கிறேன்.”

“அதுதான்டா எனக்குப் பயமே” என்றார் அக்கா.

பம்பரம் மீன்தொட்டியைச் சலூனின் மிக நல்ல இடத்தில், அதாவது முகக்கண்ணாடிக்கு முன்னாலிருந்த பலகையில், வைத்தார். வைத்த கையோடு மாப்பிள்ளை செவுள்களை விரித்தான், துடுப்புகள் விறைத்தன, வால் விசிறியாயிற்று. அங்குமிங்கும் பாய்ந்து அவன் காட்டிய வேடிக்கையில், பாதி மழித்த தாடியுடன் இருந்தவர் தாடியை மறந்தார்.

“என்ன அண்ணே, ஆட்டம் பலமா இருக்கே!”

“இடம் பிடிச்சிருக்குய்யா. எங்க அக்கா வீட்டுல இவன் சும்மா தூங்கிட்டே இருப்பான்” என்று பம்பரம் பெருமையுடன் சொன்னார்.

அந்தப் பெருமை நீடிக்கவில்லை. நாளாக நாளாக ஆட்டம் குறைந்தது. காலையில் சிறிது பாய்ச்சல். பிற்பகலில் மாப்பிள்ளை தொட்டியின் அடியில் கூழாங்கற்களின்மேல் ஒருக்களித்துக் கிடந்தான். எப்போதாவது மூச்சுவாங்க மேலே வந்தான். வாயைத் திறந்து மூடினான். கல்லாகக் கீழே இறங்கினான். போட்ட தீனி ஊறிக் கரைந்தது. வாலின் ஓரம் நூல்நூலாகப் பிரியத் தொடங்கியது.

பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருவருக்குக் காதோரம் திருத்தும்போது கண் தொட்டியில் இருந்தது. “அண்ணே, காது, காது” என்று நாற்காலியில் இருந்தவர் அலறினார். தண்ணீரில் கோளாறு என்று எண்ணிப் பம்பரம் முழுவதையும் மாற்றினார். குளிரோ என்று எண்ணி வெந்நீர் கலந்தார். காற்று போதவில்லையோ என்று குமிழி விடும் கருவியைப் போட்டார். அந்தக் குமிழிகள் மாப்பிள்ளையைத் தூக்கித் தூக்கிப் போட்டதால் கருவியை அணைத்தார். மனம் கேட்காமல் மீண்டும் போட்டார்.

வண்ணமீன் கடைக்காரரிடம் ஓடினார்.

“தண்ணியை மொத்தமா கொட்டாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. தீனியைக் குறைங்க. தொட்டியை எங்க வச்சிருக்கீங்க? வெயில், ஏசி எதுவும் நேரா படுதா?”

“அதெல்லாம் இல்ல. நல்ல இடத்துலதான் வச்சிருக்கேன்” என்றார் பம்பரம். அதை அவர் மனப்பூர்வமாகவே நம்பினார்.

அவருடைய நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. எவ்வளவு சோர்ந்து வருபவரும் வேலை முடிந்து துணியை உதறியதும் கண்ணாடியைப் பார்த்துச் சற்றே நிமிர்வதை அவர் அன்றாடம் கண்டு வந்தார். தன் முகத்தைத் தானே பார்ப்பதைவிடத் தெம்பு தரும் மருந்து வேறில்லை என்பது அவர் தொழில் அவருக்குச் சொன்ன செய்தி. ஆகவே மாப்பிள்ளை சோரச் சோர, அவர் தொட்டியைக் கண்ணாடியை நோக்கி நகர்த்தினார். கண்ணாடியையும் பளபளவென்று துடைத்து வைத்தார்.

அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

“மாப்பிள்ளை என்ன செய்யறான்?”

“நல்லா ஆடிட்டு இருக்கான் அக்கா.”

“ஆடறானா? அவன் எதுக்குடா ஆடணும்?”

“சந்தோஷத்துலதான். நீ மருந்து சாப்பிட்டியா? வலி எப்படி இருக்கு? ராத்திரி தூங்கினியா? தலையணை சரியா இருக்கா?”

“ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாதாடா?”

தொலைபேசியை வைத்த பிறகு பம்பரம் சலூனுக்குள் வாசலுக்கும் பின்னறைக்குமாக நடந்தார். மீன் செத்துப் போனால் அக்கா மகன் வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே அவருக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. இங்கே தனக்கும் இல்லை. இத்தனையும் ஒரு விரல் நீள உயிரின்மேல் தொங்கியது.

வார விடுமுறை வந்தது. சலூனின் இரும்புக் கதவு மூடியே இருந்தது. தீனி போடுவதற்காகப் பின்வாசல் வழியே இருட்டுக்குள் நுழைந்தவர், பின்னறையிலிருந்து வந்த மங்கிய வெளிச்சத்தில் திகைத்து நின்றார். மாப்பிள்ளை நீந்திக்கொண்டிருந்தான். துள்ளவில்லை, பாயவில்லை, வாலை நிதானமாக அசைத்துத் தொட்டியை வலம்வந்தான். தீனியைப் போட்டதும் மேலே வந்து கொத்தினான்.

பம்பரம் அடுத்த கடைத் தையற்காரரைக் கூப்பிட்டார். இந்த மீனுக்கு முடிவு நெருங்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்.

“வாய்யா, வந்து பாரு! எங்க மாப்பிள்ளை பொழைச்சுட்டான்!”

இரும்புக் கதவை மேலே ஏற்றினார். விளக்குகள் அனைத்தையும் போட்டார். கழுத்தில் அளவுநாடாவுடன் தையற்காரர் தொட்டியருகே குனிந்தார். மாப்பிள்ளை விறைத்தான், பாய்ந்தான், திரும்பினான், மறுபடி பாய்ந்தான். பிறகு துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு அடியில் போய்ப் படுத்தான்.

“இதுக்குத்தான் வேலையை விட்டுட்டு வரச் சொன்னியா? படுத்துல்ல கிடக்கு!”

“இப்பதான்யா நல்லா சுத்திட்டு இருந்துச்சு!”

“நீ சுத்தறதைப் பார்த்தே அதுக்குத் தலை சுத்தியிருக்கும். கொஞ்சம் உட்காரேன்யா, பார்க்கற எனக்கே மூச்சு வாங்குது.”

தையற்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். தம் சலூனில் பிறரை மட்டுமே உட்காரவைத்த சுழல்நாற்காலியில் பம்பரம் தாமே உட்கார்ந்தார். கண்மட்டத்துக்கு நேரே தொட்டி வந்தது. நிற்கும்போது மேலிருந்தே பார்த்து வந்ததை அவர் அப்போதுதான் பக்கவாட்டில் பார்த்தார். தொட்டிக்குப் பின்னால் இன்னொரு தொட்டி; அதற்குள் ஒரு கருநீல மீன். அதற்கும் அப்பால், எதிர்ச்சுவர்க் கண்ணாடி திருப்பியனுப்பிய இன்னொன்று. அதற்கும் அப்பால் இன்னொன்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசையாக ஃபைட்டர்கள். மாப்பிள்ளை தள்ளாடி எழுந்தான், செவுளை விரிக்க முயன்றான், முடியாமல் இறங்கினான்.

“அடப் பாவி” என்று பம்பரம் தம்மைத்தாமே திட்டிக்கொண்டார். மகிழ்ச்சியில் ஆடுகிறான் என்று ஆளுக்கு ஆள் காட்டினாரே, தன் இனத்து ஆணைக் கண்டாலே மோதப் பாயும் ஃபைட்டருக்கு அது அத்தனையும் சண்டை. கதவு திறந்ததிலிருந்து விளக்கு அணையும்வரை, பின்வாங்கவே தெரியாத ஒரு கூட்டத்தோடு அந்தச் சிறிய உயிர் தனியே மல்லுக்கு நின்றிருக்கிறது. அது ஓய்ந்துபோகும்போதெல்லாம் அவர் எதிரியை இன்னும் அருகில் கொண்டுவந்து துடைத்தும் வைத்திருக்கிறார்.

தொட்டியைப் பின்னறைக்குத் தூக்கிச் சென்றார். மூன்று பக்கமும் பழுப்புத்தாளை ஒட்டினார். பிறகு வண்ணமீன் கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தார்.

“இனிமே நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யாதீங்க.”

“ஒண்ணும்னா?”

“ஒண்ணும்னா ஒண்ணும்தான் அண்ணே. அளவா தீனி, அப்பப்போ கொஞ்சம் தண்ணி. மத்தபடி அதை விட்டுடுங்க.”

அவருக்கு வாய்த்த வேலைகளிலேயே கடினமானது அதுதான். பின்னறையைத் தாண்டிச் செல்லும்போதெல்லாம் கை தாளை விலக்கப் போகும். அதைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொள்வார். தொட்டியைத் தட்டிப் பார்க்கலாமா என்று தோன்றும். கத்தரிக்கோலை எடுத்துக் காற்றில் வெட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார். மாப்பிள்ளை மெல்ல மெல்ல மேலே வந்தான். தீனி கரைவது நின்றது. கிழிந்த வால் மட்டும் கிழிந்தபடியே இருந்தது.

அக்கா வாடகைக் காரில் வந்து இறங்கினார். நடைச்சட்டத்தை ஊன்றிப் பின்னறைக்கு நடந்து, தொட்டியின் முன் நின்று, நெடுநேரம் பார்த்தார்.

“வால் என்னடா இப்படி இருக்கு?”

பம்பரம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, தீர்ப்புக்காகக் காத்திருந்தார்.

“ஆடிட்டு இருக்கான்னு சொன்னப்பவே நினைச்சேன். அப்புறம் என்ன செஞ்ச?”

“ஒண்ணும் செய்யலை அக்கா.”

“நீயா?”

“சத்தியமா. ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்துச்சு.”

அக்கா, தம்பி முன்பே போட்டுவைத்திருந்த கட்டிலில் உட்கார்ந்தார். “நீ என்னைப் பட்டினி போட்டுடுவன்னு நான் பயப்படலைடா. சின்ன வயசுல எனக்குக் காய்ச்சல் வந்தப்போ, தூங்கினவளை எழுப்பி எழுப்பி, ‘தூங்கறியா அக்கா, தூங்கறியா அக்கா’ன்னு கேட்டவன் நீ. இந்த இடுப்பை வச்சுக்கிட்டு நான் சும்மா கிடக்கணும். நீ விடுவியா, அதுதான் எனக்குத் தெரியணும்.”

பம்பரம் கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

“சரி, பெட்டியை உள்ள கொண்டு வா. ஒரு மாசம் பார்ப்போம். தாங்கலைன்னா என் பையன் வீட்டுக்குக் கிளம்பிடுவேன்.”

பெட்டி உள்ளே வந்தது. அக்கா படுத்துக் கண்ணை மூடினார். போர்வை வேண்டுமா, சன்னலைச் சாத்தவா, விசிறியைக் குறைக்கவா என்று பம்பரத்தின் தொண்டைக்குள் கேள்விகள் வரிசை கட்டின. வாசற்படியருகே காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றார்.

“நீ நிக்கறது எனக்குக் கேட்குதுடா” என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

அவர் சலூனுக்குப் போனார். காத்திருந்தவருக்குத் துணியைப் போர்த்தி முடியை நனைத்தார். பின்னறையில் சத்தமேயில்லை. கத்தரிக்கோல் பாதியில் நின்றது.

“என்ன அண்ணே, உள்ளே யாராவது கூப்பிடறாங்களா?”

“இல்லை, யாரும் கூப்பிடலை” என்று சொல்லிவிட்டுப் பம்பரம் வெட்டத் தொடங்கினார்.