தட்டின் அடியில் இருந்த வாஷர்கள்

ஹில்டாவுக்கு ஒரு கேள்வி முளைத்துவிட்டால் சோறு இறங்காது. மழை நாளில் கொரட்டூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று எண்ணி, அதற்காகவே இரண்டு நாள் வேலைக்குத் தாமதமாக வந்தவள்.

"நூத்துக்கு முப்பத்தொண்ணு, கஜபதி அண்ணே" என்றாள் என்னிடம்.

"அதை வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணப்போற?"

"தெரிஞ்சிடுச்சு இல்ல, போதும்."

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புசெட்டுக்கு ரப்பர் வாஷர் செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. பன்னிரண்டு பெண்கள் ரப்பரை அச்சில் அழுத்தும் பிரஸ் ஓட்டினார்கள். நான் ஸ்டோர் கீப்பர். ஹில்டா கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, எண்பத்து நாலில் தரம் பார்க்கும் வேலைக்கு வந்தாள். ஒவ்வொருத்தியும் செய்து போடும் தட்டிலிருந்து கொஞ்சம் வாஷர் எடுத்து, பிசிறோ குமிழியோ இருந்தால் பழுது என்று குறித்துக்கொள்வாள். இரண்டு வருடம் அப்படிக் குறித்து, வாசல் கரும்பலகையில் 'பழுது நூற்றுக்கு நாலு' என்று எழுதி வைத்தாள். சரக்கு வாங்க வருகிறவர்களை ஃபோர்மேன் எத்திராஜ் முதலில் அந்தப் பலகை முன்னால்தான் நிறுத்துவார். அவளுக்கும் அதில் பெருமைதான், மறைக்க மாட்டாள்.

எண்பத்தாறில் கன்னியம்மா புதிதாகச் சேர்ந்தாள். அயனம்பாக்கத்திலிருந்து நடந்தே வருவாள். அவள் வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். மூன்று மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவது எங்கள் வழக்கம். மூன்றாம் மாதக் கடைசியில் அவள் தட்டிலிருந்து ஹில்டா எடுத்த இருநூறு வாஷரில் பதினெட்டு பழுது.

"நூத்துக்கு ஒம்போது! அனுப்பிடலாம். கையெழுத்துப் போடு" என்றார் எத்திராஜ்.

"இருங்க சார். தற்செயலாக்கூட வரலாம். கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்."

அந்தக் கணக்கை எனக்கும் சொன்னாள். கன்னியம்மாவும் மற்றவர்களைப் போலத்தான் என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் இருநூறில் எட்டு பழுது வரணும். ஆனால் எல்லா நாளும் எட்டே வராது, கூடும் குறையும். அப்படிச் சாதாரணமாகக் கூடிக் குறைகிற அளவை ஒரு படி என்றாள், அது ஏறக்குறைய மூன்று வாஷர். இரண்டு படிக்குள் நின்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். பதினெட்டோ மூன்று படியையும் தாண்டி நின்றது.

"தற்செயல் இல்ல அண்ணே" என்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பாள். இவளுக்கோ அடுத்த கேள்வி முளைத்துவிட்டது. அதே ரப்பர், அதே அச்சு. இவள் கையில் மட்டும் ஏன் இரண்டு மடங்கு? எத்திராஜிடம் ஒரு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு பிரஸ் வரிசையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கன்னியம்மாவின் கை மற்றவர்கள் கையைப் போலத்தான் ஓடியது. மணி அடிக்கக் கால் மணி இருக்கும்போது பக்கத்துப் பிரஸ் பஞ்சவர்ணம் தன் தட்டைக் கிளறுவதைப் பார்த்தாள். நல்ல வாஷராகப் பொறுக்கி மேலே பரப்பிக்கொண்டிருந்தாள், தக்காளிக் கூடையில் பழுத்ததை மேலே வைப்பதுபோல.

"ஏன் பஞ்சவர்ணம், எதுக்கு இது?"

"இன்னாக்கா புச்சா கேக்கற? நீ மேலாக்கத்தானே எடுப்ப? எல்லாரும் இப்டித்தான் வெப்போம்."

ஹில்டா கன்னியம்மா பக்கம் திரும்பினாள். "நீ ஏன் வைக்கல?"

"சொல்லித்தான் குட்த்தாங்க. மேல நல்லதா வெச்சா அடில கீறது நல்லதாய்டுமா? வாங்கிகினு போறவன் ஊட்ல தண்ணி ஒழுகும். வுழுந்தது வுழுந்தாப்ல கெடக்கட்டும்னு வுட்டேன்."

ஹில்டா அப்படியே ஸ்டோருக்கு வந்து என் எதிரில் நின்றாள். "உங்களுக்குத் தெரியுமா அண்ணே?"

தெரியும். இவளுக்கு முன்னால் தரம் பார்த்தவர் காலத்திலிருந்தே, ஆறு வருடமாகத் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் பன்னிரண்டு தட்டுகளையும் கொண்டுவரச் சொன்னாள். ஒவ்வொன்றாகச் சாக்கில் கொட்டி, நன்றாகக் கிளறி, பார்க்காமல் கைவிட்டு ஐம்பது ஐம்பதாக எடுத்தாள். அறுநூறில் ஐம்பத்தொன்று பழுது. நூற்றுக்கு எட்டரை.

மறுபடி கணக்கு. நூற்றுக்கு எட்டரை என்றால் இருநூறில் பதினேழு வரணும். கன்னியம்மாவுக்கு வந்தது பதினெட்டு. ஒரு படி இப்போது நாலு வாஷர். அவள் தள்ளி நின்றது கால் படிதான்.

எத்திராஜ் குதித்தார். "நாலுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறோம். நீ எழுதினதும்மா அது! இப்ப எட்டரைன்னா உன் வேலை நிக்குமா?"

"கணக்கு தப்பில்ல சார். எடுத்த இடம் தப்பு. ரெண்டு வருஷமா மேலேர்ந்து எடுத்தது நான். அவளை அனுப்பணும்னா முதல்ல என்னை அனுப்புங்க."

பிறகு வாசலுக்குப் போய், தான் எழுதிய நாலைத் துப்பட்டா நுனியால் அழித்தாள். எட்டரை என்று எழுதினாள். கீழே, இதுவரை போடாத தன் கையெழுத்தைப் போட்டாள். எத்திராஜ் ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. முதலாளி இருவரையும் அனுப்பவில்லை. இரண்டு பழைய அச்சை மாற்றச் சொன்னார்.

கன்னியம்மா பலகையைப் பார்த்தபடி நின்றாள். "அப்போ நான் நல்லா செய்றனாக்கா, மோசமா செய்றனா?"

"எல்லாரையும் போலத்தான் செய்ற."

"இன்னாக்கா, அவ்ளோதானா!" அவள் முகம் வாடிவிட்டது.

"செய்றதுல அவ்ளோதான், கன்னியம்மா. தட்டுல வைக்கிறதுல பன்னெண்டு பேர்ல நீ ஒருத்திதான்" என்றாள் ஹில்டா. ஸ்டோர் கதவருகே நின்ற என்னை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.