ஆயாவின் கைமணி

மகளின் பள்ளியிலிருந்து செய்தி வந்து கைபேசி டிங்கென்றது: நகம் வெட்டுங்கள், தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதுங்கள். அந்த ஒற்றைச் சத்தம் என்னை ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பின்னால், அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் குடிசை வரிசைக்கு இழுத்துப்போனது. இன்று அங்கே கம்பி வேலியும் நாணலும்தான்.

எங்களுக்கு நோட்டீஸ் வந்ததில்லை, வந்தாலும் படிக்க ஆளில்லை. லீவு முடிந்து பள்ளி திறப்பதற்கு முதல்நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்து ஆயா பித்தளைக் கைமணியை ஆட்டிக்கொண்டு, சேற்று வாடையும் மீன்குழம்பு வாசனையும் கலந்த சந்துகளில் நடந்தபடி, ஹெட்மாஸ்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் கூவுவாள்.

“நாளைக்கு இஸ்கூலு! நகத்த வெட்டு! தட்டு எட்த்துக்கினு வா!”

நாய்கள்கூட ஒதுங்கி வழிவிடும். வானத்திலிருந்து வரும் உத்தரவு என்றே நம்பியிருந்தேன்.

நான் மூன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய வருஷம், அம்மா அவளை மறித்தாள். “இவ வர்ல ஆயா. நான் வேலைக்குப் போய்ட்டா தம்பிய யாரு பாத்துக்கறது?”

ஆயா என்னைப் பார்த்தாள். பிறகு மணியை உயர்த்தி, ஆற்றின் அக்கரைக்கே கேட்கும்படி கூவினாள்: “கைக்கொழந்த கீற வூட்ல, அதையும் தூக்கிக்கினு வா! ஆயா பாத்துக்கும்!”

“இன்னா ஆயா, இது ஹெட்மாஸ்டரு சொன்னதா?” என்றாள் அம்மா.

“மணி என் கைல கீது. நான் சொல்றேன்.”

மறுநாள் காலை பள்ளி வாசலில் அம்மா வெகுநேரம் தயங்கி நின்றாள். கடைசியில் தம்பியை ஆயாவின் இடுப்புக்கு மாற்றினாள், என்னை உள்ளே தள்ளினாள்.

“அழுதான்னா மணிய ஆட்டு ஆயா. கம்முனு ஆய்டுவான்.”