மதாம் செலின் கிட்டே வந்து நின்றபோது

தொழிற்சாலையில் மதிய ஷிப்ட் மாறும் நேரத்தில் மதாம் செலினின் தங்கை ரோசலி போனில் அழைத்தார். "கவிதா, அக்கா போயிட்டாங்க. கஞ்சி எடுத்துக்கிட்டுப் போனேன், கண்ணத் தொறக்கவே இல்ல." அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய பிஸ்கட் தட்டு என் முன்னால் இருந்தது. குனிந்து பார்த்தேன். வெண்ணெய் வாசனை, வெல்ல வாசனை, எதுவும் எனக்குத் தெரியவில்லை. அன்று முழுக்கத் தெரியவில்லை.

மதாம் செலினை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? பிரான்சில் திராட்சைத் தோட்டங்களில் பல வருடம் வேலை செய்து, ஒயின் போட்டிகளில் நடுவராக இருந்துவிட்டு, ரோசலியோடு வாழப் புதுச்சேரிக்குத் திரும்பியவர். ஒரு ஒயினை முகர்ந்து, அந்த வருடம் மழை தாமதமாக வந்ததா என்பதுவரை தமிழில் சொல்லும் அவருடைய வீடியோக்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் பிஸ்கட்டின் தரம் பார்ப்பவள் நான். முகர்வதுதான் எனக்கும் சோறு போடுகிறது.

கடற்கரைக்குப் பின்னால் ஒரு ஓட்டலில் அவர் பொதுமக்களுக்காக ஒயின் ருசி பார்க்கும் நிகழ்ச்சி நடத்துவதாக அறிந்து பெயர் கொடுத்தேன். ஸ்கூட்டரில் கொண்டுவிட்ட என் கணவர் முருகன் சிரித்தார். "அம்மா கேட்டா என்னா சொல்றது? மருமவ வைன் குடிக்கப் போயிருக்கான்னா?"

"மோந்து பாக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க."

கூடத்துக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டு இருந்தது. பெண்கள் தலையிலிருந்த பூவை அதில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். சன்னல்கள் சாத்தியிருந்தன. பட்டப்பகலில், அத்தனை பேர் உட்கார்ந்திருந்த இடத்தில், ஒரு திரைச்சீலைகூட அசையவில்லை. பூவில்லாத தலைகளோடு காத்திருந்தோம்.

மதாம் வந்தார். சாம்பல் நிறக் கவுன், ஒட்ட வெட்டிய நரைமுடி. "மொதல்ல மூக்கு. வாய்க்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். குவளைகளை நிரப்பிவிட்டு வரிசையாக ஒவ்வொருவரிடமும் வந்தார். என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார். என் குவளையை அவர் பார்க்கவில்லை. என் முகத்துக்கு மிக அருகில் குனிந்து, கண்ணை மூடி, நிதானமாக மூச்சை இழுத்தார்.

"ஏம்மா, ராத்திரில எழுந்து எழுந்து தண்ணி குடிக்கிறியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆமா மதாம்."

"எளைச்சுக்கிட்டே வர்றியா?"

"ஆமா."

"உன் மூச்சுல அழுகுன ஆப்பிள் வாசனை வருது. நீ இன்னும் ஒயின வாயில வெக்கல. எந்திரி. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. வீட்டுக்குப் போயிட்டு அப்பறம் போலாம்னு நெனைக்காத."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மதாம் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த குவளையை வாங்கிக்கொண்டு, நான் எழும்வரை அப்படியே நின்றார்.

எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. அது முற்றி, ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது. "நாளைக்கு வந்திருந்தா நெனவோட வந்திருக்க மாட்டீங்க. யாரு அனுப்புனது?" என்று டாக்டர் கேட்டார். "வைன் ஊத்துற அம்மா" என்றார் முருகன். சொல்லிவிட்டு அங்கேயே அழுதார்.

தேறியபின் மதாமை வீட்டில் பார்க்கப் போனேன். ஊதுபத்தி இல்லை, பூ இல்லை, தாளிக்கிற வாசனைகூட இல்லை. அப்படி வாசனையற்ற ஒரு வீட்டை நான் கண்டதில்லை; யாருமே வாழாத இடம் போலிருந்தது. "இங்க எதுனா இருந்தா, வர்றவங்க மேல என்னா இருக்குன்னு எனக்குத் தெரியாம போயிடும்" என்றார். பிறகு தன் சிநேகிதி ஒருத்தியைப் பற்றிச் சொன்னார். மாதா கோயிலில் பக்கத்தில் உட்காருபவள். அவள் கழுத்தருகே ஒரு வாசனை வந்திருக்கிறது. எப்படிச் சொல்வது என்று கூசி இவர் பேசாமல் இருந்துவிட்டார். தவக்காலம் முடிவதற்குள் அவளைப் புதைத்தார்கள். "அதுலேர்ந்து சொல்லிடுறேன். என்னப் பேயின்னு நெனச்சா நெனச்சிக்கட்டும்."

நினைத்தார்கள். என் கதை ஊருக்குள் பரவிய பின் நடந்த நிகழ்ச்சிக்கும் நான் போயிருந்தேன். முன்வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவர் நெருங்கியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியவர்களைப் பார்த்தேன். ஒரு பெரியவர் மட்டும் விறுவிறுவென்று எழுந்து வந்தார். "எனக்குப் பாத்துச் சொல்லிடுங்க மதாம். தூக்கம் வரமாட்டேங்குது."

மதாம் குனிந்து முகர்ந்தார். "ஒண்ணுமில்ல ஐயா. பயம் ஒண்ணுதான் வருது. அது இங்க எல்லார்கிட்டேர்ந்தும் வருது."

போன மழைக்காலத்தில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியில் சாய்ந்திருந்தார். "தன் வாசனை தனக்குத் தெரியாது கவிதா. நீ மூக்க வெச்சிப் பொழைக்கிறவதான? வா, மோந்து சொல்லு."

மாட்டேன் என்றேன். அவர் கழுத்துப் பட்டியை விலக்கிக் காட்டினார். ரோசலி வாசற்கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். நான் குனிந்தேன். முதலில் சோப்பு. அதற்கும் அடியில், நனைந்து காயாத சாக்கின் வாடை. அந்த வாடைக்குள் ஓர் இனிப்பு. உயிருள்ள மனுஷியின் மேல் இருக்கக்கூடாத இனிப்பு.

இருந்ததை இருந்தபடியே சொன்னேன். மதாம் தலையாட்டினார். என் கன்னத்தைத் தட்டி, "நல்ல மூக்கு" என்றார். ஏதோ ஒயினைச் சரியாகச் சொல்லிவிட்டவளைப் பாராட்டுவதுபோல. மறுநாள் ஆஸ்பத்திரியில் கல்லீரல் கெட்டுவிட்டது என்றார்கள். காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

அடக்கத்தன்று, பின்வரிசைகளுக்கு ஓடியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து அவர் நெற்றியில் முத்தமிட்டார்கள். இனி அவர் எதையும் சொல்லிவிடமாட்டார் என்ற தைரியம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. அவர் இருந்தபோது இப்படி நெருங்கி வந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

மதாமின் ஞானம் எனக்கு வரவில்லை. அவருக்கு இருந்த அந்தச் சங்கடம்தான் வந்திருக்கிறது. வேலை முடிந்து, வீடிருக்கும் சாரத்துக்குத் திரும்பும் பேருந்தில் யாராவது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. உள்ளே இழுக்கப் பயமாக இருக்கிறது. பிறகு இழுக்கிறேன்.